பனிப் பூவைப் படம் பிடித்த விவசாயி

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் வெர்மான்ட் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த பிரதேசம். கனடா நாட்டின் எல்லையை ஒட்டியது. குளிர் காலம் வந்துவிட்டால் அங்கே பனி கொட்டும்.

பனி என்றதும், மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்குமே, அந்தத் துளியை நினைத்துவிடக் கூடாது. அது நீர். இது வேறு. பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளை வெளேரென்று வானத்திலிருந்து இறங்கும். கூரை, மரம், மாட்டுக் கொட்டகை, பாதை எல்லாவற்றையும் மூடிவிடும். வெர்மான்டில் உள்ள ஜெரிக்கோ என்ற ஊரில், ஓர் ஆண்டில் விழும் பனியை அளந்தால் சுமார் 10 அடி வரும்!

அந்த ஊர்க்காரர்களுக்குப் பனி ஒரு தொல்லை. வாசலில் விழுந்ததை வாரிக் கொட்டி வழி செய்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அந்தப் பனியை ஆசையோடு எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஒருவர் அவர்களுக்கு நடுவே இருந்தார். அவர் பெயர் வில்சன் பென்ட்லி. மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைத்தவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆனால் பனித்துகளை முகத்துக்கு முகம் உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான்.

தாயே ஆசிரியர்

பென்ட்லி 1865-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி பிறந்தார். தந்தை எட்வின் விவசாயி. தாயார் பேனி, கலியாணத்துக்கு முன் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். சார்லஸ் என்று ஓர் அண்ணன்.

வில்சன் 14 வயது வரை பள்ளிக்கூடம் போகவில்லை. தாயாரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒரு கலைக்களஞ்சியம் இருந்தது. அதன் எல்லா பாகங்களையும் பையன் படித்துத் தீர்த்தான்.

தாயாரிடம் இன்னொரு பொருளும் இருந்தது. அது ஒரு பழைய மைக்ராஸ்கோப். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொருளையும் பெரிதாக்கிக் காட்டும் கருவி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்தது.

வில்சனுக்கு 15 வயது நிறைந்த அன்று வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஒரு துகளைப் பிடித்து அந்தக் கருவியின் கீழே வைத்துப் பார்த்தான்.

பையன் அசந்து போனான்!

அது வெறும் வெள்ளைத் தூள் இல்லை. ஆறு இதழ் உள்ள பூ. ஒவ்வொரு இதழிலும் கிளை. கிளைக்குள் கிளை. தேர்ந்த பொற்கொல்லன் இழைத்தது போன்ற வேலைப்பாடு. அடுத்த துகளை வைத்தான். அதிலும் ஆறு மூலை. ஆனால் கோலம் வேறு. இன்னொன்றை வைத்தான். அது வேறு.

ஏன் ஆறு? நீர் உறையும்போது அதன் அணுத்திரள்கள் ஆறு மூலைக் கட்டமாகக் கைகோத்துக் கொள்கின்றன. அந்தக் கட்டம் வளர்ந்து வளர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும் பூவாகிறது. இது இன்று பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பையனுக்கு அன்று இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இவ்வளவு அழகும் சிறிது நேரத்தில் உருகித் தண்ணீராகிவிடுகிறது. அப்புறம் அதைப் போல இன்னொன்று கிடைப்பதில்லை. அதைப் பார்த்தவன் தான் ஒருவன்தான்!

அதை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவன் துடித்தான். பென்சிலும் காகிதமும் எடுத்து வரைய ஆரம்பித்தான். மூன்று குளிர் காலம் வரைந்தான். நூற்றுக்கணக்கான படங்கள். ஆனால் பாதி வரையும் முன்பே பூ கரைந்துவிடும். மீதியை ஞாபகத்தில் இருந்து வரைய வேண்டும். அது சரியான படம் ஆகாது என்று அவனுக்கே தெரிந்தது.

அப்பாவின் பணம்

அப்போதுதான் ஒரு செய்தியை அவன் படித்தான். மைக்ராஸ்கோப்பையும் காமிராவையும் ஒன்றாக இணைத்தால் சின்னப் பொருளைப் பெரிதாகப் படம் பிடிக்கலாம். அப்படி ஒரு கருவி உண்டு. விலை 100 டாலர்.

இன்றைக்கு அது சின்னத் தொகையாகத் தெரியலாம். அன்று அது அந்தக் குடும்பத்தின் மாட்டு மந்தையின் விலைக்குச் சமம் என்று சொல்வார்கள். பத்து மாடுகள்! தகப்பனார் கொதித்தார். வானத்திலிருந்து சும்மா விழுகிற பனியைப் படம் பிடிக்க இவ்வளவு பணமா? உழைத்துச் சாப்பிடும் எந்த விவசாயியும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

தாயார் பிள்ளையின் பக்கம் நின்றார். எப்படிச் சொன்னாரோ, என்ன சொன்னாரோ, கடைசியில் தகப்பனார் பணத்தை எடுத்து வைத்தார். வில்சனுக்கு வயது 17. கருவி வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பணம் வீண் போகவில்லை என்று தகப்பனார் கடைசி வரை நம்பவில்லை. அண்ணன் சார்லசும் அப்படித்தான். தம்பி பொழுதை வீணாக்குகிறான் என்பதே அவர் எண்ணம்.

கருவி வந்தவுடன் படம் வந்துவிடவில்லை. அதைக் கையாளச் சொல்லித்தர ஜெரிக்கோவில் யாரும் இல்லை. ஒரு குளிர் காலம் முழுவதும் முயன்றான். கண்ணாடித் தகட்டில் விழுந்தது வெறும் நிழல். மங்கல். பூ இருந்த இடம் ஒரு கறை மாதிரி தெரிந்தது. தகடுகளுக்கும் மருந்துகளுக்கும் காசு போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

அடுத்த குளிர் காலத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தான். மிக அருகில் இருக்கும் சின்னப் பொருளைப் பெரிதாக்கும்போது, ஒரு மயிரிழை முன்னே பின்னே இருந்தாலும் படம் கலங்கிவிடும். பூவின் ஒரு முனை தெளிவாக இருந்தால் மறு முனை தெளியாது. இதற்கு மருந்து ஒன்றுதான். வெளிச்சம் நுழையும் துவாரத்தை மிகச் சிறியதாக்க வேண்டும். அப்போது முனைக்கு முனை தெளிவு கிடைக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்துவிடும். குறைந்த வெளிச்சத்தில் படம் பதிய நேரம் வேண்டும். ஒன்றரை நிமிஷம் வரைகூட மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அது வரை பூ கரையாமல் இருக்க வேண்டும். கருவி அசையாமல் இருக்க வேண்டும்.

1885-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி. பனி பெய்துகொண்டிருந்தது. அன்று எடுத்த தகட்டை மருந்தில் போட்டுக் கழுவினான். மெல்ல மெல்ல ஆறு இதழும் எழுந்து வந்தன. ஒரு கோடு குறையாமல்!

அந்தக் கருவியின் முன் மண்டியிட்டு வணங்கலாமா என்று தோன்றியதாக அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். வயது 19. தனிப் பனிப் பூவை மைக்ராஸ்கோப் வழியாகத் தெளிவாகப் படம் பிடித்தவர்களில் அவரே முன்னோடி என்று சொல்லப்படுகிறது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு...

அவர் எப்படிப் படம் பிடித்தார் என்று தெரிந்துகொள்வது சுவையான விஷயம்.

வீட்டை ஒட்டி ஒரு விறகுக் கொட்டகை. அதில் அடுப்பு கிடையாது. வெளியே இருக்கும் குளிர்தான் உள்ளேயும். கண்ணாடித் துண்டு, குச்சி, காமிரா எல்லாம் அந்தக் குளிரிலேயே இருக்கும். கொஞ்சம் சூடு பட்டாலும் பூ போய்விடும்.

பனி விழ ஆரம்பித்ததும் ஒரு பலகையோடு வாசலுக்குப் போவார். பலகைக்குக் கறுப்பு வர்ணம். வெள்ளைப் பூ கறுப்பில்தானே எடுப்பாகத் தெரியும்! கை வெப்பம் பலகையில் ஏறக் கூடாது என்று கம்பியில் பிடி வைத்திருந்தார். நாலைந்து துகள் விழுந்ததும் கொட்டகைக்குள் ஓடி வருவார். பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நல்லதாக ஒன்றுகூட இல்லையென்றால் இறகால் தட்டிவிட்டு மறுபடியும் வாசல்.

நல்லது கிடைத்தால், துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கு மாதிரி ஒரு மெல்லிய குச்சியால் அதைத் தொடுவார். பூ குச்சியில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்ணாடித் துண்டில் இறக்கி, இறகின் நுனியால் மெதுவாக அழுத்திப் படிய வைப்பார். இவ்வளவும் நடக்கும்போது மூச்சு விடமாட்டார். விட்டால் மூச்சின் சூட்டில் பூ காலி!

பிறகு கண்ணாடித் துண்டு மைக்ராஸ்கோப்பில் ஏறும். காமிரா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் பூவை ஊடுருவி வந்து தகட்டில் விழும். வேறு விளக்கு கிடையாது.

இதில் ஒரு சங்கடம். காமிரா நீளமானது. பின்பக்கம் நின்று பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே, முன்பக்கம் இருக்கும் திருகைத் திருப்பக் கை எட்டவில்லை. பென்ட்லி சிறு உருவம். 5 அடி உயரம்தான். சக்கரமும் கயிறும் வைத்து ஒரு ஏற்பாடு செய்தார். பின்னால் நின்று கயிற்றை இழுத்தால் முன்னால் திருகு சுழலும். பட்டறையில் கிடந்த சாமான்களை வைத்தே வேலையை முடித்துவிட்டார்.

உருகுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உருகாத குளிரிலும் பூவின் கூர்மையான முனைகள் காற்றில் ஆவியாகி மழுங்கும். ஆகவே வாசலில் விழுந்ததிலிருந்து தகட்டில் பதிவது வரை எல்லாம் ஒரு சில நிமிஷங்களில் முடிந்தாக வேண்டும்.

படம் பிடித்த பிறகு இன்னொரு வேலை. காகிதத்தில் எடுத்துப் பார்த்தால் வெளிறிய பின்னணியில் வெளிறிய பூ. எடுப்பாகத் தெரியாது. ஆகவே தகட்டின் பிரதி ஒன்றை எடுத்து, பூவின் ஓரத்தைச் சுற்றியுள்ள மருந்துப் பூச்சைக் கூரிய கத்தியால் சுரண்டி எடுப்பார். அப்போது பின்னணி கன்னங்கறேலென்று ஆகிவிடும். பூ மின்னும். கத்தி ஒரு மயிரிழை உள்ளே போனாலும் இதழ் சிதைந்துவிடும். இதற்கு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

வந்தது வம்பு!

பதிமூன்று ஆண்டுகள் இப்படியே போயின. பகலில் மாடு, வயல். பனி விழுந்தால் கொட்டகை. வெளி உலகில் யாருக்கும் அவரைத் தெரியாது. வெர்மான்ட் சர்வகலாசாலையில் பெர்க்கின்ஸ் என்ற பேராசிரியர் இருந்தார். அவர்தான் அந்தப் படங்களின் அருமையை உணர்ந்தார். அவருடைய துணையோடு 1898-ம் ஆண்டு ஒரு விஞ்ஞான மாத இதழில் பென்ட்லியின் முதல் கட்டுரை வெளிவந்தது. பிறகு அமெரிக்க வானிலை இலாகாவின் இதழிலும் தொடர்ந்து எழுதினார். 1903-ம் ஆண்டில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு 500 படங்களை அனுப்பி வைத்தார்.

புகழ் வந்தது. கூடவே வம்பும் வந்தது.

ஜெர்மனியில் குஸ்தாவ் ஹெல்மன் என்ற வானிலை அறிஞர் இருந்தார். அவரும் பனித்துகள்களை ஆராய்ந்தவர். அவருடைய நாட்டில் எடுத்த படங்களில் பனிப் பூக்கள் கோணல் மாணலாக இருந்தன. பென்ட்லியின் படங்களில் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல இருந்தது. கத்தியால் சுரண்டும்போது பூவின் உருவத்தையே பென்ட்லி மாற்றிவிடுகிறார் என்று ஹெல்மன் குற்றம் சாட்டினார்.

படம் பிடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பழி கிடையாது. பென்ட்லி மறுத்தார். 

இன்றைய ஆராய்ச்சியை வைத்துப் பார்த்தால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பென்ட்லி எடுத்தது போன்ற அழகான பூக்கள் வானத்திலிருந்து விழுவது உண்மை. ஆனால் விழுகிறவற்றில் பெரும்பாலானவை ஒடிந்தவை, ஒட்டிக்கொண்டவை, கோணலானவை. பென்ட்லி அவற்றை இறகால் தட்டிவிட்டு அழகானவற்றையே தேடித் தேடி எடுத்தார். ஓர் ஊரில் அழகிகளை மட்டும் படம் பிடித்துக் காட்டினால், ஊரே அப்படித்தான் என்று பார்ப்பவர் நினைப்பார் அல்லவா? அந்த மாதிரிதான் இது.

இரண்டு பூ ஒரே மாதிரி இருப்பதில்லை என்று அவர் சொன்னது உலகம் முழுவதும் பரவியது. பூவின் உருவத்துக்கும் அது வளர்ந்த காற்றின் குளிருக்கும் சம்பந்தம் உண்டு என்றும் அவர் எழுதினார். மேலே போகாமலே மேகத்தின் சேதியைப் பூவைப் பார்த்துப் படிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை.

மழைத்துளியையும் அவர் விடவில்லை. ஒரு தட்டில் நைசான கோதுமை மாவைப் பரப்பி மழையில் சில விநாடிகள் நீட்டுவார். விழுந்த துளி ஒவ்வொன்றும் மாவில் ஓர் உருண்டையாகத் திரளும். காய்ந்த பிறகு உருண்டையை அளந்தால் துளியின் அளவு தெரிந்துவிடும். மாவு கூட்டிச் சொல்கிறதா குறைத்துச் சொல்கிறதா என்று, அளவு தெரிந்த துளிகளை விட்டும் சோதித்துக் கொண்டார். இப்படிப் பல ஆண்டு அளந்து 1904-ம் ஆண்டு வெளியிட்டார். அடுப்படி மாவில் நடந்த ஆராய்ச்சி!

ஆறு பேர்

ஊரார் அவரை எப்படிப் பார்த்தார்கள்? நல்ல மனிதர், கிளாரினெட்டும் பியானோவும் வாசிப்பார், ஆனால் கொஞ்சம் ஒரு மாதிரி என்று நினைத்தார்கள். அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. பண்ணை வீட்டில் ஒரு பகுதியில் அண்ணன் குடும்பம். மற்றப் பகுதியில் இவர்.

ஒரு தடவை ஊராருக்குத் தன் படங்களை விளக்குப் போட்டுத் திரையில் காட்ட ஏற்பாடு செய்தார். காசு கிடையாது. இனிமையான மாலை. வந்தவர்கள் ஆறே பேர்! அவர் அதைப் பிற்பாடு ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னார். அத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது மனதில் தைத்திருந்தது போலும்.

பணமும் சேரவில்லை. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் படம் கேட்டால் ஒரு தகடு 5 சென்ட் என்று கொடுத்துவிடுவார். 1926-ம் ஆண்டு வரை இந்த வேலைக்கு அவர் செலவிட்டது 15,000 டாலர். திரும்பி வந்தது 4,000 டாலர். 1924-ம் ஆண்டு அமெரிக்க வானிலைக் கழகம் முதன்முதலாக ஒரு ஆராய்ச்சி மானியம் வழங்கியது. அதைப் பெற்றவர் பென்ட்லி. தொகை 25 டாலர்.

காமிராவை அவர் மாற்றவே இல்லை. தாயார் வாதாடி வாங்கிக் கொடுத்த அதே கருவி. 1928-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி தொடங்கிய பனிப் பொழிவில் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களைப் பிடித்தார். ஒரே பனிப் பொழிவில் அத்தனை அதற்கு முன் அவருக்குக் கிடைத்ததில்லை. அப்போது அவருக்கு வயது 63.

கடைசிக் குளிர் காலம்

மொத்தம் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. வானிலை இலாகாவில் இருந்த ஹம்ப்ரீஸ் என்ற விஞ்ஞானி அவற்றைப் புத்தகமாக்க முன்வந்தார். படம் பென்ட்லியுடையது, விளக்கம் ஹம்ப்ரீசுடையது. 1931-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்தப் புத்தகம் வெளிவந்தது. 2,400-க்கும் மேற்பட்ட படங்கள். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார்.

டிசம்பர் 7-ந் தேதி தம் குறிப்புப் புத்தகத்தில் வழக்கம் போல வானிலையைக் குறித்தார். வடக்கிலிருந்து குளிர் காற்று. பனி பறக்கிறது என்று எழுதினார். அதற்கு மேல் ஏடு காலி. அந்த மாதம் பனியில் பல மைல் தூரம் நடந்து வீடு வந்தவருக்குச் சளி பிடித்தது. அது நிமோனியாக் காய்ச்சலாக முற்றியது. டிசம்பர் 23-ந் தேதி பண்ணை வீட்டிலேயே இறந்தார். வயது 66.

அவருடைய கண்ணாடித் தகடுகளில் பெரும் பகுதி பபலோ நகரத்து விஞ்ஞானக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெரிக்கோவிலும் பழைய மாவு மில் ஒன்றில் அவர் படங்களை வைத்துக் காட்டுகிறார்கள்.

புத்தகத்தின் பிரதி ஜப்பானுக்கும் போயிற்று. உகிச்சிரோ நகாயா என்ற இளம் விஞ்ஞானி அதைப் பார்த்தார். பூவின் உருவம் குளிரைப் பொறுத்தது என்பதை நேரில் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார். ஹொக்கைடோ தீவில் குளிர் அறை ஒன்றை அமைத்து, அதற்குள் செயற்கையாகப் பனிப் பூவை வளர்க்கப் பார்த்தார். பூ பிடித்து வளர ஓர் ஊன்றுகோல் வேண்டியிருந்தது. பட்டு நூல், பஞ்சு நூல் என்று எதை எதையோ தொங்கவிட்டார். சரிப்படவில்லை. 1936-ம் ஆண்டில், ஒரு முயல் மயிரின் நுனியில் பூ பிடித்தது. ஆறு இதழோடு.